இரண்டாவது சக்கரம்

மாடி வீடு
பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்துக்கும், முக்கியமாக உங்கள் முழங்காலின் நலத்துக்கும் பதில் எதிர்பார்க்கிறேன்.

இந்த முதல் வரிக்கே தாள் தாளாகக் கிழித்தேன். 'அன்புள்ள சார்' என்று எழுதினால் உங்களிடம் வேலை கேட்பது போல இருந்தது. 'ஐயா' என்று எழுதினால் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுப்பது போல இருந்தது. பெயரை எழுதலாம் என்றால் கை ஓடவில்லை. பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்து, காலையில் ஒரே குளியலறைக் கதவைத் தட்டி, ஒருநாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவன் இனிமேல் எங்கே கூப்பிடுவது? மாமா என்றே போட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், அடுத்த கடிதத்திலும் அதையே போடுகிறேன்.

ஏன் போன் செய்யவில்லை என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் 'முடியாது' என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் முடியாது என்று சொல்ல ஸ்டாம்ப் வாங்க வேண்டும், தபால் பெட்டியைத் தேட வேண்டும். அதற்குள் மனசு மாற வாய்ப்பு இருக்கிறது.

விஷயம் இதுதான். ஜூன் இரண்டாம் ஞாயிறு நம் சங்கத்தின் இரட்டையர் சைக்கிள் பந்தயம். ஜோடிக்கு ஜோடி இடைவெளி விட்டு அனுப்புவார்கள், முதல் ஆள் எவ்வளவு வேகமாக வந்தாலும் புண்ணியமில்லை, இரண்டாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தாண்டினால்தான் கடிகாரம் நிற்கும். எல்லாம் பழைய விதிதான். நீங்கள் போன பிறகு இரண்டு வருஷம் நான் வேடிக்கை பார்க்கக்கூடப் போகவில்லை. இந்த வருஷம் கை அரித்தது. வழக்கம்போல நம் பிரிவிலேயே நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகு கேட்கிறேன். வருவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் முதுகை மட்டுமே பார்த்துப் பந்தயம் ஓட்டிய மச்சினன்


குளிர்பதனக் கிடங்கு
பிப்ரவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலம். அங்கே வீட்டில் எல்லோரும் நலமா? லிஃப்ட் வேலை எப்படிப் போகிறது? மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா?

மாமா என்று எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சொல் எனக்கு இன்னும் பாத்தியமா என்றுதான் யோசித்தேன். யோசித்து முடியவில்லை, அதற்குள் நானும் மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம்.

பந்தயத்துக்கு வர முடியாது. முழங்கால் மழைக்கு முன்னால் வானிலை அறிக்கை வாசிக்கிறது. சைக்கிள் வந்த நாளிலிருந்து சாக்குக்குள் கிடக்கிறது. வேலை முழுக்கக் குளிர் அறைக்குள். ஆப்பிளையும் உருளைக்கிழங்கையும் தூங்க வைத்து எழுப்புவதுதான் என் உத்தியோகம். வெளியே ரோட்டில் லாரிகள். தொப்பை வேறு போட்டுவிட்டது. இவ்வளவு காரணம் போதும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். குவாரி மேட்டை நீ இப்போது எந்த கியரில் ஏறுகிறாய்? முன்பெல்லாம் பாதியிலேயே எழுந்து நின்று மிதிப்பாய். அப்படிச் செய்யாதே. உட்கார்ந்தே ஏறு. மேட்டின் முடிவில் ரோடு இடது பக்கம் திரும்பும் இடத்தில் சரளைக்கல் இருக்கும், கவனம். ஏரிக்கரை ரோட்டில் எதிர்க்காற்று இன்னும் அப்படியேதானா?

இது உன் அக்காவுக்குத் தெரியுமா? தெரியாமல் எதையும் செய்யாதே.

அன்புடன்,
மாமா (இப்போதைக்கு)


மாடி வீடு
பிப்ரவரி 24

அன்புள்ள மாமா,

நலம், நலமே விளைக.

'முடியாது' என்று ஒரு வரி, குவாரி மேட்டைப் பற்றி ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். எது பெரிய பதில் என்று எனக்குத் தெரியாதா? சாக்கை அவிழ்க்கிற வழியைப் பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவன் நான். நான் நலம். இன்னொருவரும் நலம். கண்ணாடிக் கடையில் வேலை அதிகம். புது மெஷின் வாங்கியிருக்கிறாள், லென்ஸை அதுவே வெட்டிக் கொடுக்கிறது. குழாய் ஒழுகுகிறது.

போன வாரம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மருமகனும் மாமியாரும். ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். நான் போய்க் கதவைத் திறப்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே வரும்போது அந்த அம்மா, "மெதுவா, மெதுவா, கால் தடுக்கும்"னு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நன்றி சொல்வார்கள் என்று நின்றேன். "இவ்ளோ நேரமா வர்றது?"ன்னு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

காலையில் தனியாக ஓட்டுகிறேன். இத்தனை வருஷம் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டியதில் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஏரிக்கரையில் முதல் நாள் நாக்குத் தள்ளிவிட்டது. நான் மிதிக்கிறேன், கரை நகரவே இல்லை. இதையா அத்தனை வருஷமும் நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

பேக்கரிக்காரரும் அவர் மகளும் இந்த வருஷமும் ஓட்டுகிறார்கள். "உங்க மாமா வர்றாரா?"ன்னு கேட்டார். வருகிறார் என்று சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.

இப்படிக்கு,
காற்றைக் கண்டுபிடித்தவன்


குளிர்பதனக் கிடங்கு
மார்ச் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் கால் நலமா? ஏரிக்கரையில் குனிந்து ஓட்டு. முழங்கையை மடக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனால் காற்றுக்குக் கொண்டாட்டம்.

சாக்கை அவிழ்த்தேன். துரு அதிகமில்லை. லாரி ரோட்டில் ஓட்டப் பயமாக இருந்ததால் வேறு ஏற்பாடு செய்தேன். இங்கே பெட்டிகள் உருண்டு போகிற பழைய உருளைகள் மூலையில் கிடந்தன. மூன்றை எடுத்து ஒரு சட்டத்தில் மாட்டி, அதன்மேல் சைக்கிளை ஏற்றி, நின்ற இடத்திலேயே மிதிக்கிறேன். இடம் கிடைத்தது குளிர் அறைக்கு முன்னால் உள்ள நடையில்தான். ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வியர்த்து வழிகிற ஒரே சைக்கிள்காரன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மூட்டை இறக்குகிறவர்கள் டீ குடிக்கும்போது வந்து சுற்றி நிற்கிறார்கள். "எவ்ளோ தூரம் போயிட்டீங்க சார்?" என்று ஒருவர் தினமும் கேட்கிறார். "இன்னும் வாசலைத் தாண்டல" என்று சொன்னேன். அன்றிலிருந்து என் பெயரே 'வாசல் தாண்டாதவர்' ஆகிவிட்டது.

இதை எழுதுவதால் வருகிறேன் என்று அர்த்தமில்லை. முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார்.

அக்காவிடம் சொன்னாயா என்று கேட்டிருந்தேன். நீ மெஷினைப் பற்றி எழுதியிருக்கிறாய். மெஷின் நல்ல மெஷின்தான். சொன்னாயா?

அன்புடன்,
மாமா


மாடி வீடு
மார்ச் 18

அன்புள்ள மாமா,

நலம். எல்லாரும் நலம். எல்லாமும் நலம்.

டாக்டர் சொன்னார் என்று என் காதில் பூ சுற்றாதீர்கள். எந்த டாக்டர் குளிர் நடையில் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்?

இப்போது ஏரிக்கரையை ஒரே மூச்சில் தாண்டுகிறேன். குனிந்து ஓட்டினால் சரியாகத்தான் இருக்கிறது. முன்னால் யாருடைய முதுகும் இல்லாமல் தண்ணீரும் வானமுமாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. முதலில் அதற்கே குற்ற உணர்வாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. குவாரி மேட்டில் உட்கார்ந்தே ஏறுகிறேன். சரளைக்கல்லை வாரிவிட்டுத் தார் போட்டுவிட்டார்கள்.

நேற்று பேக்கரிக்காரரின் மகள் என்னை மேட்டில் முந்திக்கொண்டு போகும்போது, "அண்ணா, டயர்ல காத்து இருக்கா?"ன்னு கேட்டுவிட்டுப் போனாள். நான் நிஜமாகவே இறங்கி அழுத்திப் பார்த்தேன். இருந்தது.

ஜூனில் நீங்கள் இங்கே எங்கே தங்குவது என்று யோசித்து வைத்திருக்கிறேன். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு விடுதி. லிஃப்டை நான்தான் பராமரிக்கிறேன், அதனால் நல்ல அறை தருவார்கள்.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அதேதான்


குளிர்பதனக் கிடங்கு
ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

நலம். சங்கத்திலிருந்து எனக்கு ஒரு அட்டை வந்திருக்கிறது. பந்தய எண், புறப்படும் நேரம் எல்லாம் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் 'குடும்பப் பிரிவு' என்று போட்டிருக்கிறது. கீழே விதி: ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் மட்டும்.

'நம் பிரிவு' என்று நீ எழுதியபோது எனக்கு உறைக்கவில்லை. நான்கு வருஷம் அதில் ஓட்டி ஓட்டி எனக்கும் அது பிரிவின் பெயராகவே தோன்றாமல் போய்விட்டது. நீயும் கை போன போக்கில் எழுதியிருப்பாய், தெரியும். ஆனால் சங்கச் செயலாளர் பல் டாக்டரம்மா ஊரில் எல்லார் வாயையும் திறந்து பார்த்தவர். நம் கதை அவருக்குத் தெரியாமல் இருக்காது. நாளைக்கு யாராவது எழுந்து, இவர் எந்த முறையில் இந்தக் குடும்பம் என்று மைக்கில் கேட்டால் நீ என்ன சொல்வாய்? நான் என்ன சொல்வேன்? அதைக் கேட்டுக்கொண்டு உன் அக்கா அந்த ஊரில் கடை நடத்த வேண்டும்.

அவளிடம் நீ இன்னும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விடுதியைத் தேடியிருக்க மாட்டாய், அவளே ஏதாவது சொல்லியிருப்பாள்.

என் பெயரை எடுத்துவிடு. வேறு துணை தேடிக்கொள். நீ நன்றாக ஓட்டுகிறாய், யாரும் வருவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.


மாடி வீடு
ஏப்ரல் 16

மாமா,

நலம் விசாரிப்பெல்லாம் இந்த முறை கிடையாது. கோபத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் பிரிந்தபோது யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. நன்றாகச் சண்டை போட்டிருந்தால் நான் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு இன்னொரு பக்கத்தைத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. நான் வெளியூர் வேலைக்குப் போய்விட்டு வந்தேன், உங்கள் சைக்கிள் இருந்த இடம் காலியாக இருந்தது. "மாமா வேற ஊருக்குப் போயிட்டார்டா. நீ சாப்பிடு"ன்னாள். நான் சாப்பிட்டேன். அப்புறம் இரண்டு வருஷமாக அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. அவள் மறந்தும் எடுக்க மாட்டாள், நானும் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

ஆமாம், அக்காவிடம் சொல்லவில்லை. பயம். 'உனக்கு அவர் வேணுமா, நான் வேணுமா'ன்னு கேட்டுவிட்டால்? அவள் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை, தெரியும். ஆனாலும் பயம். கேட்டால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன். அதனால்தான் கேட்கும்படி வைத்துக்கொள்ளாமல் இருந்தேன்.

வேறு துணை தேடிக்கொள் என்கிறீர்கள். எனக்கு ஜெயிப்பதற்குத் துணை வேண்டும் என்றா நினைத்தீர்கள்? உங்களோடு ஓட்ட வேண்டும். நான் படிப்பு முடிக்காமல் வந்து நின்றபோது, இந்தப் பையன் இதிலாவது உருப்படுவானா என்று சைக்கிளைக் கொடுத்தது நீங்கள். அப்போது எந்த விதியைப் பார்த்துக் கொடுத்தீர்கள்?

பெயரை எடுக்க மாட்டேன். நீங்கள் வராவிட்டால் தனியாகப் போய்க் கோட்டில் நிற்பேன். இரண்டாவது சக்கரம் வரவே வராது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

மச்சினன்


கண்ணாடிக் கடை
மே 20

வணக்கம்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பல் டாக்டரம்மா நேற்று புதுக் கண்ணாடி வாங்கிக்கொள்ள வந்தார். ஃப்ரேமை அவர் மூக்கில் வைத்து, காதுப் பக்கம் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்டுலேருந்து குடும்பப் பிரிவுல ஒரு ஜோடி பேர் கொடுத்திருக்காங்க. உங்க தம்பி சரி. இன்னொருத்தர்... எப்படிக் கேக்கறதுன்னு தெரியலம்மா. அவரு இன்னும் உங்க குடும்பம்தானா?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் தெரியும். ஃப்ரேமைக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துவிட்டேன்.

"நாங்க பிரிஞ்சது நிஜம் டாக்டர். அது எனக்கும் அவருக்கும் நடந்தது. என் தம்பி அவரைப் பிரியல. அவன்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கல"ன்னு சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "விதியில குடும்பம்னுதான் இருக்கு. யாரைக் கேட்டு முடிவு பண்றதுன்னு இல்ல. போட்டி போடறவங்க யாருக்கும் ஆட்சேபம் இல்லன்னா எனக்கும் இல்ல"ன்னார். பேக்கரிக்காரரைக் கேட்டாராம். "அவங்க வரட்டும் டாக்டர், வேற யாரைத் தோக்கடிச்சாலும் என் பொண்ணுக்கு ருசிக்கல"ன்னாராம்.

வீட்டுக்குப் போய்த் தம்பியை உட்கார வைத்தேன். நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் ஹெல்மெட்டோடு கிளம்புகிறவனை என்ன செய்வது? எல்லாவற்றையும் கொட்டினான். உங்கள் கடைசிக் கடிதத்தையும் சொன்னான். அதற்கு எழுதிய பதிலுக்கு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை என்றான். தபால்காரர் வந்தால் மாடியிலிருந்து தடதடவென்று இறங்குகிறான். லிஃப்ட்காரன் படியில் ஓடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவன் மறைத்ததற்கு ஒரு கோபம். என்னைக் கேட்டால் அவனை இரண்டாகப் பிளந்துவிடுவேன் என்று நினைத்தானே, அதற்கு இன்னொரு கோபம். அவனை அப்படிப் பயப்படும்படி வைத்திருந்தது நம் இருவரின் அமைதிதான் என்று ராத்திரி தோன்றியது.

எனக்காக நீங்கள் வராமல் இருக்கிறீர்கள் என்றால் அந்தக் கரிசனம் வேண்டாம். வந்து ஓட்டுங்கள். நான் பார்க்க வர மாட்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இன்னும் வரவில்லை. அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கும் எனக்கும் இதனால் எதுவும் மாறாது. அவனுக்கு மாறும்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி


குளிர்பதனக் கிடங்கு
மே 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீ நலமா?

வருகிறேன். சனிக்கிழமை மாலை பஸ். விடுதியில் கீழ்த்தள அறை சொல்லு, உன் லிஃப்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. டியூப் கூடுதலாக ஒன்று வாங்கி வை. தண்ணீர் பாட்டில் நான் கொண்டுவருகிறேன்.

உன் கோபக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது தப்பு. பலமுறை உட்கார்ந்தேன். பதில் இல்லாமல் இல்லை. எழுதினால் வந்துவிடுவேன் என்று தெரிந்ததால் எழுதவில்லை.

இங்கே கிடங்கில் சொல்லிவிட்டேன். "சார் வாசலைத் தாண்டறார்"ன்னு எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்புடன்,
மாமா


குளிர்பதனக் கிடங்கு
ஜூன் 17

வணக்கம்.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பந்தயம் முடிந்ததும் எழுதுவோம் என்று வைத்திருந்தேன். நீ வரவில்லை என்பதால் நடந்ததைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. உன் தம்பி சொல்லியிருப்பான், ஆனால் அவன் பாதிக்கு மேல் பார்க்கவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புறப்படும் இடத்தில் பல் டாக்டரம்மா மைக்கில் எண்ணைச் சொல்லி, "குடும்பப் பிரிவு" என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

குவாரி மேடு வரைக்கும் நான்தான் முன்னால். நன்றாகவே போனோம். மேட்டில் ஏறி முடித்தபோது எனக்கு மூச்சு தொண்டையில் நின்றது. ஏரிக்கரை திரும்பியதும் காற்று எதிரே வந்து மோதியது. அப்போது இவன் பக்கத்தில் வந்து, "மாமா, நான் முன்னாடி போறேன். பின்னாடி வாங்க"ன்னான். எத்தனையோ வருஷமாகச் சேர்ந்து ஓட்டுகிறோம், அவன் அதைச் சொன்னது இதுவே முதல் தடவை. நான் விட்டேன்.

நீ பார்த்திருக்க வேண்டும். குனிந்து, முழங்கையை மடக்கி, அசையாமல் போகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. இந்தச் சுகத்தை இவ்வளவு நாள் இவன் ஒருவனே அனுபவித்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து என் வலது தொடை கயிறு மாதிரி முறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"டேய், மெதுவா!" என்று கத்தினேன். காற்று என் குரலை என் பக்கமே திருப்பிக் கொண்டுவந்தது. முன்னால் போகிறவன் அவ்வப்போது தோளுக்குக் கீழே குனிந்து பின்னால் ஆள் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? வாழ்நாளில் அவன் முன்னால் போனதே இல்லை, நானும் சொல்லித் தரவில்லை. நான் பின்னால் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில், எனக்காகக் காற்றை உடைத்துக்கொண்டு, போயே போய்விட்டான். கரை முடிவதற்குள் சின்னப் புள்ளி.

நான் இறங்கித் தொடையைத் தேய்த்தேன். பேக்கரிக்காரரும் மகளும் கடந்து போனார்கள். "அங்கிள், ஆம்புலன்ஸ் வேணுமா, பன் வேணுமா?"ன்னு அந்தப் பெண் கேட்டாள். இப்படியே பஸ் பிடித்துப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கோட்டில் நின்றுகொண்டிருப்பான். நிற்பேன் என்று எழுதியவன், நிற்கக்கூடியவன்தான். ஏறி ஒற்றைக் காலால் மிதித்தேன்.

அவன் கோட்டைத் தாண்டியதும் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறான். அப்புறம் திரும்பி, "எப்படி மாமா, பாத்தீங்களா?"ன்னு வெறும் ரோட்டைக் கேட்டானாம். கோட்டில் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டுப் பேக்கரிக்காரர் இதை நடித்தே காட்டினார். தாண்டியவன் திரும்ப ரோட்டுக்குள் வரக்கூடாது, விதி. அதனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் கடைத்தெரு முனையில் திரும்பியதிலிருந்து கத்த ஆரம்பித்தான்.

"மாமா! மிதிங்க மாமா! இங்கதான் மாமா, வந்துட்டீங்க! மாமா!"

தெரு முழுக்க ஜனம். நம் கதை தெரியாத ஆள் அதில் ஒருவர்கூட இல்லை. நீ என்னவோ, நான் என்னவோ, ஊர் என்ன நினைக்குமோ என்று நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். முதலில் சிலர் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் சேர்ந்து, உறவே இல்லாதவர்களெல்லாம், "மாமா, மாமா" என்று கத்தினார்கள். டாக்டரம்மா மைக்கிலேயே சொன்னார்.

தாண்டினேன். அழுகை வந்தது. ஹெல்மெட் வாரை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

குடும்பப் பிரிவில் கடைசி இடம். இவ்வளவு மோசமாக நாங்கள் ஒருநாளும் ஓட்டியதில்லை. விடுதிப் படியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

இத்தனை மாதமாக அவனுக்கு எழுதிய கடிதத்தில் குழாயைக்கூட நலம் விசாரித்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். நீ நலமா?


கண்ணாடிக் கடை
ஜூன் 29

வணக்கம்.

நலமாகத்தான் இருக்கிறேன். சும்மா எழுதுகிற நலம் இல்லை, நிஜமாகவே. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. கால் எப்படி இருக்கிறது? தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், குளிர் நடையில் போய் உடனே சைக்கிள் ஏறாதீர்கள்.

டாக்டரம்மா ஃப்ரேம் காதை அறுக்கிறது என்று வந்தார். நிமிர்த்திக் கொடுத்தேன். அடுத்த வருஷத்துக்கு இப்போதே பெயர் கேட்கிறார். தம்பி கொடுத்துவிட்டான். இந்த முறை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான்.

அவனுக்கு முன்னால் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். கடிதத்தில் அதெல்லாம் வராது. மாதம் ஒரு ஞாயிறாவது நீங்கள் இங்கே வர வேண்டியிருக்கும். எந்த ஞாயிறு என்று முன்கூட்டியே எழுதுங்கள். விடுதியெல்லாம் எதற்கு, மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அன்றைக்கு நான் வீட்டில் இருப்பேனோ, தோழி வீட்டுக்குப் போவேனோ, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். சாவி அவனிடம் இருக்கும்.

நான் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வரவில்லைதான். ஆனால் கடைத்தெரு முனையிலிருந்து என் கடை எவ்வளவு தூரம்? அன்றைக்கு ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவன் கத்துவது கேட்டது. அப்புறம் ஊரே கத்துவது கேட்டது. பெரியவர், "கடைசி வரி தெரியலம்மா"ன்னார். நான் பலகையைப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

வாசலில் வந்து நின்றேன். கத்தல் நின்று கைதட்டல் கேட்கிறவரைக்கும் நின்றேன். வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போனேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அக்கா